டேப்பில் தெரிந்த பின்னம் தாளில் தெரியவில்லை

கலிஃபோர்னியாவில் எங்கள் ஊர் கம்யூனிட்டி கல்லூரியில் (குறைந்த கட்டணத்தில் யாரும் சேரக்கூடிய இரண்டாண்டு அரசுக் கல்லூரி), கணிதப் பயிற்சி அறையில் 2016 முதல் வாரம் இரண்டு மாலை உட்கார்ந்து மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். தொடங்கிய புதிதில் வந்த ஒருவரை இன்னும் மறக்க முடியவில்லை.

வயது நாற்பதை ஒட்டி இருக்கும். பகலில் வீடுகளுக்குச் சுவர்ப்பலகை பொருத்தும் வேலை. நகக்கண்ணில் வெள்ளைப் பொடி அப்படியே இருந்தது. தாளில் 3/8 + 1/4 = 4/12 என்று எழுதியிருந்தார். பகுதியைச் சமமாக்கும் முறையை இரண்டு தடவை விளக்கினேன். தலையாட்டினார், அடுத்த கணக்கிலும் அதே தவறு. அப்போதுதான் அவர் இடுப்பில் தொங்கிய அளவு டேப் கண்ணில் பட்டது. “எட்டில் மூன்று அங்குலத்தோடு இன்னும் கால் அங்குலம் சேர்த்து வெட்ட வேண்டும். எங்கே கோடு போடுவீர்கள்?” என்று கேட்டேன். டேப்பை இழுத்தார். கட்டைவிரல் நேராக எட்டில் ஐந்தில் போய் நின்றது. பிறகு தாளைப் பார்த்தார், மறுபடி டேப்பைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

பின்னம் தெரியாதவர் என்று அவரைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனால் சேர்க்கையின்போது கணினியில் எழுதிய ஒரே ஒரு தேர்வு அப்படித்தான் சொன்னது. கல்லூரிப் பாடத்துக்கு இன்னும் தயாராகவில்லை என்று கருதப்படுபவர்களுக்கான குறைதீர் வகுப்பில், அதிலும் அடிமட்டத்தில், போட்டுவிட்டார்கள். எண்கணிதம், அதற்கு மேல் இயற்கணிதத்துக்கு முந்தைய பாடம், பிறகு இயற்கணிதம் இரண்டு நிலைகள். இவ்வளவும் ஏறினால்தான் பட்டத்துக்குக் கணக்கில் வரும் முதல் கணிதப் பாடம். கீழ்ப்படிகளுக்குக் கட்டணம் உண்டு, நேரம் உண்டு. பட்டத்துக்கான மதிப்பு மட்டும் கிடையாது. இரண்டாவது பருவத்தோடு அவர் வருவது நின்றுவிட்டது.

இது அவருடைய சோம்பல் இல்லை, வெறும் பெருக்கல். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 70 பேர் தேறி அடுத்ததில் சேர்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 70, 49, 34, 24. நான்காவது படியைத் தாண்டும்போது நான்கில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. உதவி செய்யக் கட்டிய படிக்கட்டே ஆட்களை உதிர்த்துக்கொண்டிருந்தது.

அதனால்தான் 2017இல் கலிஃபோர்னியா கொண்டுவந்த ஏபி 705 சட்டத்தை நான் மனதார வரவேற்றேன். பள்ளி மதிப்பெண்ணைப் பார், கல்லூரி நிலைப் பாடத்தை ஓராண்டுக்குள் முடிக்க வழி செய், நேரடியாகச் சேர்ந்தால் தேறுவது மிகவும் அரிது என்று காட்ட முடியாமல் யாரையும் கீழே தள்ளாதே என்றது அந்தச் சட்டம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று கம்யூனிட்டி கல்லூரிகளில் நடந்த ஆய்வு, 2016இல் வெளியானது, இதையே காட்டியது. இயற்கணிதக் குறைதீர் வகுப்பு தேவை என்று ஒதுக்கப்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். அந்த வகுப்பில் சேர்ந்தவர்களில் தேறியவர்கள் 39 விழுக்காடு. நேராகக் கல்லூரிப் புள்ளியியலில் சேர்த்து, வாராந்தரப் பயிற்சி வகுப்பும் கொடுத்தபோது தேறியவர்கள் 56 விழுக்காடு. கடினமான பாடத்தில்தான் அதிகம் பேர் தேறினார்கள்!

ஆனால் அந்த ‘பயிற்சி வகுப்பும்’ என்ற சொல்லை நம் நிர்வாகங்கள் வசதியாக விழுங்கிவிடுகின்றன. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். படிக்கட்டை இடித்தாகிவிட்டது, சரி. கைப்பிடி எங்கே? பின்னத்தில் தடுமாறுகிறவரைப் புள்ளியியல் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, துணை வகுப்பு என்று ஐம்பது நிமிடம் தாள் விநியோகிப்பது கற்பித்தல் ஆகாது. டேப்பை எடுத்துக் காட்ட ஒரு மனிதர் பக்கத்தில் இருக்க வேண்டும். பகுதிநேர ஆசிரியர்கள் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது அது எப்படி நடக்கும்?

செய்ய முடியாததும் இல்லை. அதே நியூயார்க்கில் 2007இல் தொடங்கிய ஏசாப் (ASAP) என்ற மாணவர் உதவித் திட்டத்தில் மாணவருக்குத் தனி ஆலோசகர், பாடநூல், உதவித்தொகை போக மீதமிருக்கும் கட்டணத்துக்கு உதவி, ரயில், பஸ் பயண அட்டை எல்லாம் உண்டு. குறைதீர் வகுப்பு தேவைப்பட்டவர்களிடமே சோதித்தார்கள். மூன்றாண்டுகளில் பட்டம் பெற்றவர்கள், திட்டத்தில் இல்லாதவர்களில் 22 விழுக்காடு, இருந்தவர்களில் 40. ஒரு மாணவருக்கு ஆகும் செலவு கூடியது, ஒரு பட்டதாரிக்கு ஆகும் செலவு குறைந்தது. பயண அட்டை கணக்குச் சொல்லித்தராதுதான். ஆனால் வகுப்புக்கே வர முடியாதவருக்கு யார் என்ன சொல்லித்தர முடியும்?

இங்குள்ள நம் தமிழ்க் குடும்பங்களிலும் சிலர், கம்யூனிட்டி கல்லூரி என்றதும், “பிள்ளையை அங்கேயா சேர்த்தீர்கள்?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். வேதனையாக இருக்கும். பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் புத்தகத்தைத் திறக்கிறவர்கள் படிக்கும் இடம் அது.

அடுத்த மாதம் கல்லூரி நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசலாம். மூன்று நிமிடம் தருவார்கள். நான் கேட்கப்போவது ஒன்றுதான். எங்கள் பயிற்சி அறையை மாலை ஆறரைக்குப் பூட்டுகிறார்கள். வேலை முடிந்து ஆறு மணிக்குக் கிளம்புகிறவர் வந்து சேரும்போது விளக்கு அணைந்திருக்கிறது. ஒன்பது மணி வரை திறந்து வையுங்கள், சம்பளத்துக்கு ஆள் போடுங்கள். இந்த வட்டாரத்தில் இருப்பவர்கள் என்னோடு வந்து உட்கார்ந்தால்கூடப் போதும். நாற்காலிகள் நிறைந்திருப்பதைக் குழுவினர் பார்க்கட்டும்.