சிவப்பு ஊற்றினால் அது சிச்சுவானா?

நேற்று ராத்திரியும் அதே கதைதான். சென்னையிலிருந்து வந்த ரயில் காட்பாடியில் என்னை இறக்கிவிட்டபோது மணி 11.15. இட்லிக் கடைகளெல்லாம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்ட நேரம். திறந்திருந்தது ஒரே ஒரு ஃபாஸ்ட்ஃபுட் கடை. போர்டில் டிராகன் படம், பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘ஒரிஜினல் சிச்சுவான்’. வயிறு காய்ந்து வந்தவனுக்கு வேறு வழி ஏது? செஷ்வான் ஃப்ரைட் ரைஸ் ஒன்று சொன்னேன். சாதா ரைஸைவிட முப்பது ரூபாய் அதிகம்.

வந்தது என்ன? முட்டைகோஸும் கேரட்டும் போட்ட அதே சாதம், அதன் மேல் ரத்தச் சிவப்பில் ஒரு சாஸ். வாயில் வைத்தால் முதலில் சர்க்கரை, அப்புறம் வினிகர், கடைசியில் தொண்டையைக் கமறவைக்கும் மிளகாய்த்தூள். மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் விரல் இடுக்கில் சிவப்பு போகவில்லை.

சிச்சுவான், நம்மூர் மெனுவில் செஷ்வான், சீனாவின் தென்மேற்கில் இருக்கும் மாகாணம். தலைநகர் செங்டு, சமையலுக்காகவே யுனெஸ்கோ 2010-இல் அங்கீகரித்த ஊர். அந்தச் சமையலின் உயிர் ஹுவாஜியாவ். மிளகு என்று சொன்னாலும் அது எலுமிச்சைக் குடும்பம். அதன் காய்ந்த தோலைக் கடித்தால் நாக்கும் உதடும் விறுவிறுவென்று மரத்துப்போகும். அந்த மரமரப்பும் மிளகாய்க் காரமும் சேர்ந்த சுவைக்குப் பெயர் ‘மாலா’. இன்னொன்று தோபன்ஜியாங், அவரைப் பருப்பையும் மிளகாயையும் உப்புப் போட்டு மாதக்கணக்கில் புளிக்கவைத்த விழுது. இந்த இரண்டில் ஒன்றின் வாசனையாவது என் தட்டில் இருந்ததா? சத்தியமாக இல்லை.

செங்டுவில் ஒருத்தன் பாஸ்மதியில் கேசரி பவுடரைக் கொட்டி, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய்கூட இல்லாமல், ‘ஒரிஜினல் ஆம்பூர் பிரியாணி’ என்று விற்றால் நாம் சும்மா இருப்போமா? சீரகச் சம்பா எங்கே, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் எங்கே என்று சட்டையைப் பிடிக்க மாட்டோமா?

அஜினோமோட்டோவைத் திட்ட நான் வரவில்லை. நம்மூர் நாக்குக்கு ஏற்ற சீனச் சமையல் என்று ஒன்று இருக்கிறது, கொல்கத்தாவின் சீனக் குடும்பங்களிடமிருந்து வளர்ந்தது. காய்ந்த மிளகாய், பூண்டு, இஞ்சி மூன்றையும் எண்ணெயில் நிதானமாக வதக்கினால் அதுவே நல்ல சாஸ். அதைச் செய்து ‘கார ரைஸ்’ என்று எழுதி வையுங்கள், முழுக் காசு கொடுத்துச் சாப்பிடுகிறேன். என் கோபமெல்லாம் அந்தக் கலர் மேல். ஃப்ரைட் ரைஸில் செயற்கை நிறம் சேர்க்க உணவுச் சட்டத்தில் இடமே கிடையாது. துணிக்குப் போடும் சாயமான ரோடமின் பி கலந்த பஞ்சு மிட்டாயைத் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்தது. அடுத்த மாதமே கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனுக்குச் செயற்கை நிறம் கூடாது என்றார்கள். இங்கே நடுராத்திரியில் கரண்டி கரண்டியாக ஊற்றுகிறார்கள், கேட்க ஆள் இல்லை.

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். வேலூருக்கு வைத்தியத்துக்கு வந்தவர்கள் போல, கையில் ஸ்கேன் கவர். அந்த அப்பா நாலு வயசுப் பிள்ளைக்கு அதே சிவப்புச் சாதத்தை ஊட்டிக்கொண்டிருந்தார். பிள்ளையின் உதட்டைச் சுற்றிலும் சிவப்பு. எனக்கு அடிவயிறு எரிந்தது. அந்த நேரத்துக்கு அவர்கள் வேறெங்கே போவார்கள்? பசித்தவனுக்குப் போக்கிடம் இல்லை என்கிற தைரியத்தில்தானே இப்படிப் போடுகிறார்கள்!

மாஸ்டரிடமே போய்க் கேட்டேன். இருபது வயசிருக்கும், அடுப்புச் சூட்டில் நனைந்துபோய் நின்றான். “தம்பி, இன்னொரு ரைஸ் பார்சல். கலர் மட்டும் போடாதேப்பா.”

“நான் தனியா கலர் போடலண்ணா. சாஸ் கேன்லயே கலந்துதான் வருது. ஓனர் வாங்கிக் குடுக்கிறதுண்ணா” என்றான்.