வாஷுக்கு எத்தனை பங்கு தண்ணீர்னு சொல்லித் தொலைங்களேன்!

மாடல் ரயில் ஓடும் லேஅவுட்டில், அதாவது அந்தக் குட்டி நிலக்காட்சியில், பிளாஸ்டரில் வார்த்த பாறைக்கு நிறம் ஏற்றுவது எப்படி என்று யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டுதான்: "அக்ரிலிக் பெயின்டை நல்லா தண்ணியா கரைச்சு ஊத்துங்க, மத்ததை அது பாத்துக்கும்." எது பார்த்துக்கொள்ளும்? வாஷ் என்கிற அந்த நீர்த்த பெயின்டின் அளவைச் சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? காவி மஞ்சளும் பழுப்பும் என்றால் ஒரு பங்கு பெயின்டுக்கு 15 முதல் 20 பங்கு தண்ணீர். கறுப்புக்கு 30 பங்கு, அதற்கு மேலே போனாலும் தப்பில்லை.

அந்தக் கறுப்பை முதலில் ஊற்றச் சொல்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்! பிளாஸ்டர் நிறத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுத்ததைத் திருப்பித் தராது. துடைத்தாலும் தேய்த்தாலும் கரிதான் மிச்சம். சரி, வெள்ளை பெயின்டால் மூடலாம் என்று போனால் நுண்துளைகள் அடைபட்டுவிடும். அடுத்த வாஷ் ஊறாமல் மேலேயே ஓடிக் கோடுகோடாக நிற்கும். முதலில் காவி மஞ்சளை அங்கங்கே திட்டுத்திட்டாக ஒற்றுங்கள், இடைவெளிகளில் பழுப்பு, கடைசியில்தான் கறுப்பு. பிளாஸ்டர் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும் என்பதைக்கூட ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை.

அடுத்த எரிச்சல், ஓரம் கட்டிய கறை வளையங்கள். "பெயின்ட் மட்டம்" என்று பழி போடுவார்கள். பெயின்ட் என்ன செய்யும்? தேங்கிய வாஷ் ஓரத்தில் சீக்கிரம் உலர்கிறது. நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடும்போது நிறமித் துகளையும் இழுத்துப் போகிறது. பாறை மீது முதலில் தண்ணீரைத் தெளியுங்கள். 200 மில்லி வாஷில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு போதும். அள்ளி விட்டால் நுரைதான் வரும். குழியில் தேங்குவதைக் காய்ந்த பிரஷால் உறிஞ்சி எடுங்கள். பாதி காய்ந்த இடத்தில் மறுபடி கை வைக்கவே கூடாது.

எத்தனை தடவை ஊற்றினாலும் ஒரு இடம் மட்டும் வெள்ளையாகவே இளிக்கிறதா? அங்கே பசை சிந்தியிருக்கும். கத்தி முனையால் சுரண்டிவிட்டு மறுபடி ஒற்றுங்கள். புல் தூள் ஒட்டும் வேலையைப் பாறை வேலைக்குப் பிறகு வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

"தண்ணீர் வேண்டாம், ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கரையுங்கள்" என்று ஒரு கூட்டம் கிளம்பும். நிறம் ஏறாத பிளாஸ்டரில் மையும் ஆல்கஹாலும் அருமையாக வேலை செய்யும், மறுக்கவில்லை. ஏற்கெனவே அக்ரிலிக் அடித்த இடத்தில் ஊற்றினால் அடிப்பூச்சு இளகி பிரஷோடு வந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

கடைசியாக, சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளிறிப்போகும் வாஷ். "மண் நிறம்" என்று விற்கும் பல பெயின்டுகளில் வெள்ளை நிறமி கலந்திருக்கும். ட்யூபில் நிறமிக் குறியீடு அச்சிட்டிருந்தால் படியுங்கள்: பி.டபிள்யூ. 6 இருந்தால் அது டைட்டானியம் வெள்ளை, வாஷுக்கு ஆகாது. காவி மஞ்சளுக்கு பி.ஒய். 43, பழுப்புக்கு பி.பி.ஆர். 7 இருப்பதாகப் பார்த்து எடுங்கள். நிறத்தை ஈரத்தில் எடைபோடாதீர்கள், காய்ந்தால் நன்றாகவே வெளுக்கும். அதே பிளாஸ்டரில் வார்த்த ஒரு உதிரித் துண்டில் ஊற்றி, காயவிட்டு, லேஅவுட் விளக்கின் கீழேயே வைத்துப் பார்த்த பிறகு மலையில் கை வையுங்கள்.