கலைக்கூடத்துத் தேனீயும் தோட்டத்துக் குளவியும்

விலங்கு, தாவரம், காடு என்று மனிதரல்லாத உலகைப் பேசும் சமகாலக் கலைக்கு இப்போது நல்ல வரவேற்பு இருக்கிறது. 2024 ஜனவரியில் கொழும்பில் நடந்த கொழும்புஸ்கோப் கலைவிழாவும் காட்டையே கருப்பொருளாகக் கொண்டிருந்தது. அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இயற்கையைப் பற்றிய கலை, தொழிலாளரைப் பற்றிய கலை என்று இரண்டாகப் பிரித்துவிட்டு, இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்துப் படைப்புகளைப் பெரும்பாலும் இரண்டாவதிலேயே அடைத்துவிடுகிறார்கள் என்பதுதான் என் முறைப்பாடு.

ஜெர்மனியக் கலைஞர் ஜோசப் பாய்ஸ் 1974இல் நியூயோர்க்கில் கயோட்டி என்னும் காட்டு விலங்கோடு ஓர் அறையில் மூன்று நாட்களைக் கழித்தார். நாள்தோறும் உள்ளே வைக்கப்பட்ட வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் நாளிதழ்களின் மீது அது சிறுநீர் கழித்தது. அந்தப் படைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். பிரெஞ்சுக் கலைஞர் பியர் உய்க் 2012இல் காசெல் நகரப் பூங்காவில், படுத்திருக்கும் பெண் சிலையொன்றின் தலையில் உயிருள்ள தேன்கூட்டை வைத்தார். இரண்டும் முக்கியமான படைப்புகள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் பார்வையாளர் எட்ட நின்று வியந்துவிட்டு வீடு திரும்பலாம்.

மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் அந்த வசதி இல்லை. நிழல் மரத்திலோ தேயிலைத் தூருக்குள்ளோ இருக்கும் குளவிக்கூடு கலைந்துவிட்டால், கொழுந்துக் கூடையையும் பறிக்கும் மட்டம் பார்க்கும் மட்டக்கம்பையும் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குத் துணியை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு சரிவில் ஓட வேண்டும். ஓட முடியாமல் உயிரைவிட்ட பெண்கள் இருக்கிறார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கம்பிச் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை இறந்தபோது நாடே வருந்தியது, வருந்த வேண்டியதுதான். ஆனால் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் போட்ட மரக்கறிப் பாத்தியைப் பன்றி ஓர் இரவில் உழுதுவிட்டுப் போனால், சம்பளம் போதாத வீட்டில் என்ன நடக்கும் என்று கேட்டவர்கள் குறைவு.

இன்னொன்று. காட்டை வெட்டி இங்கே முதலில் நட்டது கோப்பி. 1869இல் அதைத் துருநோய் தாக்கியது. கண்ணுக்கு எளிதில் படாத ஒரு பூஞ்சை அந்தத் தொழிலையே கவிழ்த்துவிட்டது. கோப்பிக்குப் பருவகாலத்தில் மட்டும் வந்துபோன ஆட்களே போதுமாயிருந்தது. பின்னர் பரவிய தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகளைக் கேட்டது. எங்கள் குடும்பங்கள் லயங்களில் நிலைத்ததில் தோட்டங்களை நடத்திய துரைமாருக்கு இருந்த பங்கு அந்தப் பூஞ்சைக்கும் உண்டு. மனிதரல்லாதவை வரலாற்றை நடத்துகின்றன என்பதைக் கோட்பாட்டு நூல்களில் தேட வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை.

தேயிலையும் விட்டால் மரமாகிவிடும் செடிதான். கவ்வாத்து வெட்டி வெட்டி, பறிக்கும் கைக்கு எட்டும் உயரத்தில் அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அடித்தூர் முதிர்ந்து முறுகியிருக்க, மேலே மட்டும் என்றும் இளந்தளிராக இருக்கும் அந்த உருவத்தை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு, ஹனுஷா சோமசுந்தரம் போன்ற மலையகக் கலைஞர்கள் தேயிலையையே ஊடகமாக எடுத்துக்கொள்வதன் காரணம் விளங்கும். அங்கே செடியின் உடலையும் அதைப் பறிக்கும் பெண்ணின் உடலையும் தனித்தனியாகப் பேச முடியாது. ஆகவே அடுத்த முறை காட்டைப் பற்றியோ விலங்குகளைப் பற்றியோ கண்காட்சி வைப்பவர்கள், இவர்களைத் தொழிலாளர் துயரத்தின் சாட்சிகளாக மட்டும் அழைக்காமல், செடியையும் குளவியையும் அறிந்தவர்களாக அதே கூடத்துக்கு அழைக்க வேண்டும். அந்தக் கண்காட்சியை மலையக நகரங்களான ஹட்டனிலோ பதுளையிலோ ஒரு வாரமாவது வைக்கவும் வேண்டும்.