மெத்தடோன் ‘இன்னொரு போதை’ அல்ல

மெத்தடோன் என்பது ஹெராயின், ஃபென்டனில் போன்ற போதைப்பொருள்களுக்கு அடிமையானவர்களுக்கு மருத்துவர்கள் தரும் மருந்து. “அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு மெத்தடோன் கொடுப்பது ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை. கர்ப்பம் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டியதுதான். மனசு இருந்தால் சிகிச்சை எங்கும் கிடைக்கும்” என்று எழுதியிருக்கிறீர்கள். இதை யாராவது நம்பி அப்படியே செய்தால் உயிருக்கே ஆபத்து என்பதால்தான் பதில் எழுதுகிறேன்.

ஹெராயினையோ ஃபென்டனிலையோ திடீரென்று விட்டவர்களில் பலர் மறுபடியும் அதற்கே திரும்பிவிடுகிறார்கள். அதற்குள் உடலின் தாங்குசக்தி குறைந்திருக்கும். முன்பு எடுத்த அதே அளவு இப்போது மூச்சையே நிறுத்திவிடலாம். அதனால்தான் அந்நாட்டு மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு, போதைப்பொருளை வெறுமனே நிறுத்துவதைவிட மெத்தடோன் அல்லது அதே போன்ற மருந்தான புப்ரெனார்ஃபின் சிகிச்சையையே பரிந்துரைக்கிறது. சரியான அளவில் எடுத்தால் இவை போதை ஏற்றுவதில்லை. ஏறி இறங்கும் தவிப்பை அடக்கி, தாயை ஒரே சீராக வைத்திருக்கின்றன.

பிறந்த குழந்தைக்கு விலகல் அறிகுறிகள் (தாயிடமிருந்து வந்த மருந்து நின்றதால் வரும் தவிப்பு) வரலாம், அது உண்மைதான். ஆனால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது. 2010இல் வெளியான ஆய்வில் மெத்தடோன் எடுத்த தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 17.5 நாள் மருத்துவமனையில் இருந்தார்கள், புப்ரெனார்ஃபின் எடுத்தவர்களின் குழந்தைகள் 10 நாள்தான்.

அப்புறம், ‘எங்கும் கிடைக்கும்’ என்பது. அமெரிக்காவின் 10 மாநிலங்களில் ஆய்வாளர்களே நோயாளிகள் போலத் தொலைபேசியில் கேட்டுப் பார்த்த ஆய்வு 2020இல் வந்தது. புப்ரெனார்ஃபின் தரும் மருத்துவர்களிடம் கர்ப்பமில்லாத பெண்களாகப் பேசியபோது சுமார் 74 சதவீத அழைப்புகளில் மருத்துவரைப் பார்க்க நேரம் கிடைத்தது. கர்ப்பிணி என்று சொன்னபோது 61 சதவீதம்தான். மனசு இருந்தும் பல பெண்களுக்குக் கதவு திறப்பதில்லை என்பதைத்தான் இது காட்டுகிறது.