துக்க வீட்டில் சொல்லக் கூடாத வசனம்

துக்க வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக 'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்' என்று வசனம் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பெட்டி இன்னும் முற்றத்தில் இருக்கும். பெற்றவள் சுவரில் சாய்ந்து கிடப்பாள். இவர் போய் அவள் தலையில் கையை வைத்து, 'இந்த இழப்புக்காகவும் உமக்கு நன்றி, கர்த்தாவே' என்று அவளுக்கும் சேர்த்து ஜெபித்துவிடுவார். அவளுடைய நன்றியை இவர் சொல்ல யார் அதிகாரம் கொடுத்தது?

வசனத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது; ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தது. ஆனால் எழுதியவர் யார் என்று பாருங்கள். பிலிப்பி பட்டணத்தில் அடிவாங்கி, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, நடுராத்திரியில் சீலாவோடு சேர்ந்து பாடியவர். தன் முதுகில் விழுந்த அடியை வைத்துக்கொண்டு தானே துதித்தார். 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்றதும் பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்த யோபுதான்; பார்க்க வந்த நண்பர்கள் அல்ல. அந்த நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. நம் ஊரில் ஏழு நிமிடம்கூடத் தாங்க மாட்டோம்.

கத்தோலிக்க இரத்தசாட்சி தேவசகாயம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்து, 1745-இல் ஞானஸ்நானம் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022 மே 15 அன்று ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, கத்தோலிக்கர் அல்லாத, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரர்களான நாங்களும் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்துவிட்டோம். நம் மண்ணின் ஆள் அல்லவா! மாவட்டமே நன்றி சொன்னது. 270 ஆண்டுகளுக்குப் பிறகு நமக்கு அது எளிது. அந்த 1752 ஜனவரியில் அவருடைய மனைவி ஞானப்பூ அம்மாளிடம் யாராவது போய் 'நன்றி சொல்லுங்கள் அம்மா' என்றிருந்தால் எப்படி இருந்திருக்கும்? துன்பத்தில் நன்றி வருவதற்கு அதற்கென்று ஒரு காலம் உண்டு. சிலருக்கு ஒரு வாரத்தில் வரும், சிலருக்கு இருபது வருடம் ஆகும், சிலருக்கு வராமலே போகும். எண்பத்தெட்டாம் சங்கீதம் தொடக்கம் முதல் கதறலாகவே ஓடி, கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லாமல் முடிந்துவிடுகிறது. அதை வேதாகமத்திலிருந்து யாரும் கிழித்துப் போடவில்லை.

சரி, கஷ்டத்தில் இருப்பவர்களை விடுவோம். நன்றாக இருக்கிறவர்கள் சொல்லும் நன்றியைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுகிறேன்.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்து ஓய்ந்த பிறகு எங்கள் மலையோரப் பக்கத்துச் சபைகளில், கர்த்தர் தங்களுக்குச் செய்ததை எழுந்து நின்று சொன்னவர்களிடம் கேட்ட சாட்சிகள் நினைவிருக்கின்றன. 'ரப்பர் சாய்ந்தது, வாழை அத்தனையும் போனது, ஆனால் கர்த்தர் எங்கள் வீட்டைக் காத்தார். அடுத்த வீட்டு ஓடெல்லாம் பறந்தது, எங்கள் ஓட்டில் ஒன்றுகூட அசையவில்லை.' அந்த அடுத்த வீட்டுக்காரர் நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கிறார். அவர் வீட்டைக் காக்கக் கர்த்தருக்கு மனமில்லையா? அதே நாட்களில் தூத்தூரிலும் சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் ஆழ்கடலுக்குப் போன ஆண்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் பெண்கள் கடற்கரையில் காத்திருந்தார்கள். அந்த வருடம் அங்கே கிறிஸ்துமஸ் கிறிஸ்துமஸாக இல்லை.

மற்ற மனுஷரைப்போல இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்று ஜெபித்தவர் லூக்கா சுவிசேஷத்தில் ஒருவர் இருக்கிறார். பரிசேயர். அவர் சொன்னதும் சுத்தமான ஸ்தோத்திர ஜெபம்தான்; பேருக்கு ஒரு விண்ணப்பம்கூட அதில் இல்லை. ஆனால் நீதிமானாக வீட்டுக்குத் திரும்பியது தூரத்தில் மார்பில் அடித்துக்கொண்டு நின்ற ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன்.

தப்பிப் பிழைத்தவன் நன்றி சொல்லக் கூடாது என்கிறேனா? இல்லை. உயிர் தப்பியவன் முழங்காலில் விழத்தான் செய்வான். அதன் பிறகு எழுந்து எங்கே போகிறான் என்பதுதான் என் கேள்வி. ஒக்கிக்கு மறுநாள் தன் வீட்டுத் தார்ப்பாயை எடுத்துப்போய் அடுத்த வீட்டுக் கூரைமேல் ஏறிக் கட்டிக்கொடுத்தவர்களையும் பார்த்தேன். அவர்களில் ஒருவரும் சாட்சி சொல்ல முன்னால் வரவில்லை.

லேவியராகமம் ஏழாம் அதிகாரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. பிரசங்கங்களில் நான் அதை அதிகம் கேட்டதில்லை. ஸ்தோத்திர பலியின் இறைச்சியைச் செலுத்திய அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும். விடியும்வரை எதையும் வைக்கக் கூடாது. ஒரு குடும்பம் ஒரு ஆட்டையோ மாட்டையோ ஒரே நாளில் தின்ன முடியுமா? தெருவையே கூப்பிட்டால்தான் முடியும். உப்பிட்டுக் காயவைத்து அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ள வழியில்லை. உபாகமம் 26-ஆம் அதிகாரமும் முதற்பலன் கூடையைச் செலுத்திய பிறகு நீயும் லேவியனும் உன்னிடத்திலிருக்கிற பரதேசியும் (அந்நியனும்) சேர்ந்து சந்தோஷப்படுங்கள் என்றுதான் சொல்கிறது. நன்றி சொன்ன அன்று பக்கத்து வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். எனக்குப் புரிகிற கிறிஸ்தவ நன்றி இவ்வளவுதான்.

எங்கள் பாட்டி இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சோறு வடிக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். பிடியரிசிக் காணிக்கை. 1942-இல் பர்மா ஜப்பான்காரர்கள் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, இந்தப் பகுதி அன்றைக்குத் திருவிதாங்கூர், ஊர் முழுவதும் மரச்சீனியில்தான், அதாவது மரவள்ளிக்கிழங்கில்தான், உயிர் பிழைத்தது. அந்தக் காலத்தில் தன் அம்மை அரிசிக்குப் பதில் காய்ந்த மரச்சீனித் துண்டுகளைக் கலயத்தில் போட்டதைச் சிறுமியாக நின்று பார்த்ததாகப் பாட்டி சொல்வார். அதை ஏழைகளுக்குத்தான் பங்கிட்டார்களாம். 'அப்போது நாமே ஏழைகள்தானே பாட்டி?' என்று கேட்டால், 'நம்மைவிட இல்லாதவர்கள் இருந்தார்கள் மக்களே' என்பார். சாட்சி நேரத்தில் பாட்டி எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

இதோ, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை வருகிறது. வாழைக்குலை, பலாப்பழம், தேங்காய், சேவல் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஏலம் எனக்குப் பிடிக்கும், மறைக்க மாட்டேன். ஒரு மட்டி வாழைக் குலையை இரண்டு மச்சினன்மார் விட்டுக்கொடுக்காமல் ஏற்றிக்கொண்டே போவதைப் பார்ப்பதில் ஒரு சுகம். ஆனால் அந்தக் குலை கடைசியில் யார் வீட்டுக்குப் போகிறது? பெரும்பாலும், ஏற்கெனவே குலை தொங்குகிற வீட்டுக்கு.

சபைக் கமிட்டியில் ஒன்று சொல்லிப் பார்த்தேன். இந்தப் பண்டிகையில் சாட்சி நேரத்தைப் பாதியாகக் குறைப்போம். இந்த வருடம் துக்கம் கண்ட வீடுகளின் பெயர்களை வாசித்து, யாரும் எந்த வசனமும் சொல்லாமல் கொஞ்ச நேரம் அமைதியாக நிற்போம். ஏலப் பணத்தில் முதல் பங்கை வேறு செலவு பார்க்கும் முன்னே அந்த வீடுகளில் தேவைப்படுகிறவர்களுக்கு ஒதுக்குவோம். ஆராதனை நீண்டுபோகும், வெயில் ஏறிவிடும் என்றார்கள். ஏலம் மதியம் இரண்டு மணி வரை நடக்கிறது. அதில் மட்டும் யாருக்கும் வெயில் உறைப்பதில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கேட்பேன்.