சுமெப்பின் செம்பும் மக்காச்சோளமும்

கனிமப் படிகங்களைச் சேகரிப்பவர்களிடம் தென்மேற்கு ஆப்பிரிக்க நாடான நமீபியாவைப் பற்றிக் கேட்டால், தலைநகர் விண்ட்ஹுக்கை விட்டுவிட்டு, வடக்கே உள்ள சுமெப் என்ற சிற்றூரைப் பற்றித்தான் பேசத் தொடங்குவார்கள். கத்தி முனைபோல் கூர்மையாக வளர்ந்த அடர்நீல அசுரைட்டும், மரகதமோ என்று மயங்கவைக்கும் டையாப்டேசும் உட்பட முந்நூறு வகைக்கு அருகில் கனிமங்கள் அந்த ஒற்றைச் சுரங்கத்தில் கிடைத்திருக்கின்றன. உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் சுமெப்பின் பெயர் எழுதிய கற்கள் கண்ணாடிப் பேழைகளில் மின்னுகின்றன. அந்தக் கற்களை வெட்டியெடுத்தவர்களையும், அவ்வூரின் மண்ணில் பயிர் செய்பவர்களையும் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு என்பதே என் வருத்தம்.

காலனி ஆட்சியாளர்களாக ஜெர்மானியர்கள் வருவதற்கு முன்பே அங்கு செம்பு வணிகம் இருந்தது. அப்பகுதியின் பூர்வகுடிகளான சான் மக்கள் எடுத்த தாதுவை வடக்கிலிருந்து வந்த ஓவம்போ மக்கள் வாங்கிச் சென்றார்கள். 1906-இல் சுவாகொப்முண்ட் துறைமுகத்திலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்ததும் செம்பும் ஈயமும் கடல்வழியே வெளியேறத் தொடங்கின. முதல் உலகப்போருக்குப் பிறகு தென்னாப்பிரிக்காவின் ஆட்சியில், சுரங்கத்தின் கடினமான வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஓவம்போ ஆண்கள். குடும்பத்தை உடன் அழைத்துவர அவர்களுக்கு உரிமை இல்லை; நினைத்தபடி வேலையை மாற்றிக்கொள்ளவும் முடியாது. 1971 டிசம்பரில் அந்த ஒப்பந்த முறைக்கு எதிராக வெடித்த பெரும் வேலைநிறுத்தம் சுமெப்பையும் எட்டியது. ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போயிருந்த அந்தச் சுரங்கம் 1996-இல் மூடப்பட்டது.

சுரங்கம் மூடிய பின்னும் ஊர் பாழாகிவிடவில்லை. அதற்கு அங்கிருந்த உருக்காலை ஒரு காரணம், வேளாண்மை இன்னொரு காரணம். சுமெப், ஒட்டாவி, குரூட்ஃபொன்டைன் ஆகிய மூன்று ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதியை நமீபியர்கள் மக்காச்சோள முக்கோணம் என்கிறார்கள். பாலைவனத்துக்குப் பெயர்போன நாட்டில் அங்கு ஓரளவு நம்பக்கூடிய மழை பெய்கிறது. பெய்த மழையை டோலமைட் என்ற, சுண்ணாம்புக்கல் போன்ற பாறையின் பிளவுகள் உள்வாங்கி வைத்துக்கொள்கின்றன. அருகிலுள்ள ஒஜிகோட்டோ ஏரியே அப்படிப்பட்ட பாறைக்குகை ஒன்றின் கூரை இடிந்து உண்டானதுதான். நீரை விரைவாக உறிஞ்சிக்கொள்ளும் அந்தப் பாறை, நீரோடு வரும் நஞ்சை மட்டும் வடிகட்டி நிறுத்திவிடும் என்று நம்ப முடியாது. ஆகவே சுரங்கத்தையும் வேளாண்மையையும் தனித்தனித் தொழில்களாகப் பிரித்துப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உருக்காலையின் பிற்காலக் கதை இதை இன்னும் தெளிவாக்குகிறது. ஆர்செனிக் மிகுந்திருப்பதால் பெரும்பாலான ஆலைகள் ஏற்கத் தயங்கும் செம்புத் தாது, பல்கேரியாவிலிருந்து கப்பலேறி சுமெப்புக்கு வந்தது. உருக்கிய செம்பு மீண்டும் கப்பலேறியது. ஆர்செனிக் கழிவு ஊரோரத்தில் தங்கிவிட்டது. கந்தகப் புகையைப் பிடித்து அமிலமாக்கும் பிரிவு 2015-இல்தான் இயங்கத் தொடங்கியது. ஊரைச் சுற்றியுள்ள மண்ணிலும் பயிர்களிலும் ஆர்செனிக்கும் ஈயமும் சேர்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வேலை கிடைத்தது என்பது உண்மை. அந்தச் சம்பளம் இல்லாமல் பல வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கீரைப் பாத்தியில் படிந்த நஞ்சுக்கான செலவு எந்த நிறுவனத்தின் கணக்கில் எழுதப்பட்டது?

இப்போது, தாதுவை உருக்கியபின் எஞ்சிய பழைய கசட்டுக் குவியலுக்கே மதிப்பு வந்திருக்கிறது. மின்னணுக் கருவிகளில் பயன்படும் ஜெர்மேனியம் அடங்கிய ஜெர்மேனைட் என்ற கனிமம் முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட ஊர் இது. 2023-இல் சீனா ஜெர்மேனியம் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபின் அந்த உலோகத்துக்கான தேடல் தீவிரமானது; 2024-இல் உருக்காலையை வாங்கியதும் ஒரு சீன நிறுவனமே. கசட்டைக் கிளறுவதற்கு முன் சுற்றுவட்டாரப் பண்ணைக் கிணறுகளின் நீரையும் வீட்டுத் தோட்ட மண்ணையும் சோதித்து, அந்த முடிவுகளை ஊர்மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். உரிமம் வழங்கும் அரசு அதை முதல் நிபந்தனையாக்க வேண்டும். சோதனைக்கான பணத்தைக் கசட்டிலிருந்து இலாபம் எடுப்பவர்தான் கட்ட வேண்டும்.