அந்தப் பலகையைக் கவுண்டரில் மாட்டினால் என்ன?

வயிறு எரிகிறது. மூன்று நாளாகியும் ஆறவில்லை. "பொருட்காட்சில 600 ரூபா போனதுக்கா இந்தப் பாடு?" என்று வீட்டுக்காரரே கேட்டுவிட்டார். ஆமாம், 600 ரூபாய்க்குத்தான். அந்த 600 ரூபாயோடு என் அம்மாவின் ஒரு சாயங்காலத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்கும் சேர்த்துத்தான் கொதிக்கிறேன்.

நாங்கள் பாம்பன், சின்னப்பாலம். அம்மா கடல்பாசி எடுக்கிறவள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, தீவு ஓரத்தில் மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்த்தெடுக்கிற வேலை. என்னைப் படிக்கவைத்து இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தது அந்தப் பாசிதான். அம்மாவோடு முப்பது வருசத்துக்கு மேல் ஒரே படகில் போய்வந்த பெரியம்மா ஒருவர் இருந்தார். ரத்த சொந்தம் இல்லை, ஆனால் அவரைப் பெரியம்மா என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறேன். மாசியில் தவறிப்போனார். அன்றிலிருந்து அம்மா வாயைத் திறப்பதே இல்லை. கேட்டால் ஒரு "ம்". சோறு வைத்தால் பாதித் தட்டு அப்படியே இருக்கும்.

அந்த நேரம் பார்த்து மீன்பிடித் தடைக்காலமும் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. பாசிக்காரப் பெண்களும் அந்தச் சமயத்தில் பாசி வளரட்டும் என்று எடுக்காமல் விடுவார்கள். இது அவர்களே பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. (இந்தப் பெண்களுக்காக நின்ற எங்கள் ஊர் லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குத் தருகிற சீகாலஜி விருது 2015-இல் கிடைத்தது. ஊரே கொண்டாடியது.) கடலுக்குப் போனாலாவது அம்மாவுக்கு மனசு வேறு பக்கம் திரும்பியிருக்கும். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் நினைப்பு ஆளைத் தின்றுவிடாதா?

போன சனிக்கிழமை சாயங்காலம் என் மகன் செல்போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். ராமநாதபுரத்தில் பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள், பெரிய ராட்டினம் விளக்கெல்லாம் போட்டுச் சுற்றுகிறது. அம்மா எட்டிப் பார்த்தாள். "இதெல்லாம் இன்னும் இருக்கா?" என்றாள். அப்புறம் அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். "நானும் உங்க பெரியம்மாவும் ஏர்வாடி சந்தனக்கூட்டுக்குப் போனப்ப ராட்டினம் ஏறினோம். உச்சில நிக்கிறப்ப கடல் தெரிஞ்சுது. இறங்க மாட்டேன்னு அவ அடம்புடிச்சா."

மூன்று மாதத்தில் அம்மா பேசிய நீளமான பேச்சு அது. நான் யோசிக்கவே இல்லை. "கிளம்பும்மா, போவோம்" என்றேன். பையனுக்குச் சட்டையை மாற்றினேன். அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நல்ல சேலையை எடுத்துக் கட்டினாள். கால் மணி நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம். பாலத்தில் பஸ் ஏறியதும் அம்மா பேரனைச் சன்னல் பக்கம் இழுத்து, எந்தத் தீவு எது என்று விரல் நீட்டிக் காட்டினாள். மண்டபம், உச்சிப்புளி எல்லாம் தாண்டுகிறவரை பேச்சு நிற்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

வாசலில் நுழைவுக் கட்டணம் தலைக்கு 100. ஆறு வயதுப் பையனுக்கும் அதே 100. சரி, கொடுத்தோம். உள்ளே எந்த விளையாட்டுக்கும் ரொக்கம் வாங்க மாட்டார்களாம், கார்டு வாங்க வேண்டுமாம். வெறும் கார்டுக்கு மட்டும் 50 ரூபாய். "1,000 போட்டா 1,200-க்கு விளையாடலாம்க்கா, எல்லாரும் அதான் போடுறாங்க" என்றான் கவுண்டரில் இருந்த தம்பி.

இந்த இடத்தை நன்றாகப் பாருங்கள். அவன் கண்ணுக்கு நேராக, நரைத்த தலையோடு என் அம்மா நிற்கிறாள். என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மகன் நிற்கிறான். "பெரிய ராட்டினம் எவ்வளவுப்பா?" என்று கேட்டேன். "ஆளுக்கு 150." "மூணு பேருக்கு 450 ஆச்சு, மிச்சத்துல பையன் வேற ஏதாவது ஏறட்டும்" என்று வாய்விட்டே கணக்குப் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே க்யூஆர் அட்டையை என் பக்கம் திருப்பி வைத்தான். 1,050 ரூபாய் போய்விட்டது.

ராட்டினத்துக்கு அரை மணி நேர வரிசை. அதில் எனக்குக் குறை இல்லை. ஒரு பக்கம் ஆளை ஏற்றினால் எதிர்ப்பக்கத்துத் தொட்டிலிலும் ஏற்ற வேண்டும், பாரம் சமமாக இருந்தால்தான் அது ஒழுங்காகச் சுற்றும். ஏற்றி இறக்க நேரம் ஆகத்தான் செய்யும். அம்மா முகத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். "உச்சிக்குப் போனா கடல் தெரியுமா?" என்றாள். "தெரியும்மா" என்றேன். அங்கிருந்து தெரியுமா என்று எனக்கு எங்கே தெரியும்? அந்த நேரத்தில் வேறு பதில் சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் முறை வந்தது. கம்பிக் கதவருகே நின்றவர் கையைக் குறுக்கே நீட்டினார். "பாட்டிய ஏத்த முடியாதுக்கா. சின்னப் பையனும் ஏறக் கூடாது." கதவுக்கு உட்பக்கம் ஒரு தகரப் பலகையைக் காட்டினார். 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், 120 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்கள் ஏறக் கூடாது. பக்கத்திலேயே உயரம் பார்க்கிற கோடு. என் மகன் எட்டு சென்டிமீட்டர் குறைவு.

அந்த விதி தப்பு என்று நான் சொல்லவே இல்லை. கம்பிக்கு அடியில் நழுவிப் போகிற உடம்போடு ஒரு பிள்ளை அவ்வளவு உயரத்துக்குப் போகக் கூடாது. மூச்சடக்கிக் கடலுக்குள் முங்குகிற என் அம்மாவுக்குத் தொட்டிலில் உட்காரத் தெம்பு இல்லையா என்று மனசு அடித்துக்கொண்டது உண்மை. ஆனாலும் ராட்டினக்காரரோடு நான் சண்டை போடவில்லை. "ஏத்தினா என் வேலை போயிரும்க்கா" என்றார். அவர் பயம் நியாயமானது.

நான் கேட்பது இதுதான்: அந்தப் பலகை ஏன் காசு வாங்குகிற இடத்தில் இல்லை? வரிசையின் கடைசிக் கதவுக்கு உள்ளே கொண்டுபோய் எதற்கு மாட்டினார்கள்? கவுண்டர் மேலே போனஸ் விளம்பரம் கட்டில் அகலத்துக்குத் தொங்குகிறதே, அதற்குப் பக்கத்தில் நாலு வரி எழுத இடமா இல்லை? அந்தத் தம்பி ஒரு வார்த்தை, "அக்கா, உங்க ரெண்டு பேரும் ராட்டினம் ஏற முடியாது" என்று சொல்லியிருந்தால் 200 ரூபாய் மட்டும் போட்டுப் பையனைக் குட்டி ரயிலில் ஏற்றிவிட்டு, அம்மாவுக்கு மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, பஞ்சு மிட்டாய் வாங்கிக்கொண்டு சந்தோசமாகத் திரும்பியிருப்போம். தெரிந்தேதான் சொல்லவில்லை. சொன்னால் 1,000 ரூபாய் வராது.

திரும்பக் கவுண்டருக்குப் போனேன். "மீதி வராதுக்கா. கார்டுக்குப் பின்னாடி போட்டிருக்கே." திருப்பிப் பார்த்தேன். எறும்பு ஊர்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி. நான் நாள் முழுக்கப் படிவம் படிக்கிறவள், எனக்கே கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிறது. மேனேஜர் என்று ஒருவர் வந்தார். "பொருட்காட்சி முடியிறதுக்குள்ள இன்னொரு நாள் வந்து விளையாடுங்க" என்றார். யார் வந்து, எதில் ஏறி விளையாட? என் அம்மாவுக்கு வயசு குறையுமா? என் மகன் ஒரு வாரத்தில் எட்டு சென்டிமீட்டர் வளர்வானா?

அந்தக் கார்டைச் சாப்பாட்டுக் கடையிலும் வாங்க மாட்டார்கள். சரி என்று பையனைக் குட்டி ரயிலில் ஏற்றினேன், 100. மறுபடியும் ஏற்றினேன். மூன்றாவது தடவை அவனாகவே போதும் என்றான். குதிக்கிற பலூனில் விட்டேன். 400 செலவானது. அவர்கள் போனஸ் 200 எனக்கு வேண்டாம். நான் போட்ட 1,000-இல் பாக்கி 600, அது என்னுடையது. பாசிக்கு நாள் முழுக்கப் போய்வந்தும் 600 ரூபாய் கையில் நிற்காத நாள் அம்மாவுக்கு எத்தனையோ உண்டு.

தண்ணீர் பாட்டில் 20 ரூபாய் என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கிறது, 40 கேட்டார்கள். அச்சடித்த விலைக்கு மேல் கடைக்காரர் வாங்குவது சட்டப்படி குற்றம் என்று சொன்னேன். "அப்ப வேணாம்னா வச்சிருங்க" என்று பதில் வந்தது. பிள்ளை தாகத்தில் நிற்கிறான். என்ன செய்வது, கொடுத்தேன்.

இதைக் கேட்டவர்கள் சொன்ன புத்திமதிதான் இன்னும் ஆத்திரம். ஒருத்தர், "முன்னாடியே போன் போட்டு விசாரிச்சிட்டுப் போயிருக்கணும்" என்கிறார். மனசு விட்டுப்போன மனுசி மூன்று மாதம் கழித்து ஒரு ஆசையைச் சொல்கிறாள். இரும்மா, நாளைக்கு விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றால் நாளைக்கு அந்த ஆசை இருக்குமா? மறுபடி அந்த "ம்"தான் வரும். அந்த நிமிசத்தில் கிளம்பியதில் என் தப்பு என்ன இருக்கிறது? திடீரென்று கிளம்பி வருகிறவர்கள்தான் இவர்களுக்கு வேண்டும். விசாரிக்காமல் வருவார்கள், பிள்ளை முன்னால் சண்டை போட மாட்டார்கள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விடுவார்கள்.

இன்னொருத்தர், "அவ்வளவு பெரிய கடல் உங்க வாசல்ல இருக்கு, மனசு சரியில்லைன்னா அங்க போய் உக்கார வேண்டியதுதான, எதுக்கு ராட்டினம்?" என்றார். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அது கடல்கரை. அரிச்சல்முனையில் நின்று போட்டோ எடுப்பார்கள், அரியமானில் குளிப்பார்கள், நல்லது, எடுக்கட்டும், குளிக்கட்டும். என் அம்மாவுக்கு அது வேலைக்குப் போகிற இடம். பாறை கீறி, உப்புத் தண்ணீரில் புண் ஆறாத விரல் அவளுடையது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா என்று 1986-இல் ஆன பிறகு, அந்தத் தீவுகளில் நினைத்தபடி கால் வைக்கவும் முடியாது. அதிலும் பெரியம்மாவோடு முங்கிய அதே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அவள் எப்படி ஆறுதல் அடைவாள்? கடல் இருக்கிறதே என்று சொல்லிச் சொல்லியே, இந்தக் கரையில் இருக்கிற சனத்துக்கு ஒரு சாயங்காலம் சிரித்துவிட்டு வர வேறு இடமே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வருசத்துக்கு ஒரு தடவை கூடாரம் போட்டு ராட்டினம் வந்தால், அதற்கு ஓடுகிறோம். ஓடி வருகிறவர்கள் யார் என்று அவர்களுக்கும் தெரியும். தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய். ராட்டினத்தில் ஒரு ஆள் ஒரு தடவை சுற்ற 150.

திரும்பி வருகிற பஸ்ஸில் மகன், "நான் வளந்ததும் ஏறுவோம் அம்மாச்சி" என்றான். "நீ ஏறு சாமி, நான் கீழ நின்னு பாக்குறேன்" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: "நான் ஆசப்பட்டதாலதான தாயி உனக்கு இவ்வளவு செலவு. இனிமே சொல்ல மாட்டேன்."

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காசைப் பிடுங்கினார்கள், போகட்டும். ஆசைப்பட்டது தன் தப்பு என்று என் அம்மாவை நினைக்கவைத்துவிட்டார்கள். பாலத்தில் பஸ் ஏறியபோது அவள் சன்னல் பக்கம் திரும்பவே இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மறுபடியும் "ம்".

நான் விடப்போவதில்லை. ஊரில் எத்தனை பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், எனக்காக எழுதத் தெரியாதா? நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகாரைப் பதிந்துவிட்டேன். கார்டு, கவுண்டரில் எடுத்த போட்டோ, பணம் போன குறுஞ்செய்தி எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 600 ரூபாய்க்கெல்லாம் யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்துத்தானே கார்டுக்குப் பின்னால் அந்த வரியைப் போட்டிருக்கிறார்கள்? நான் வருகிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமையோடு பொருட்காட்சி முடிகிறது. கூடாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய், அங்கேயும் அந்தப் பலகையைக் கதவுக்கு உள்ளேதான் மாட்டுவார்கள். அதற்குள் கேட்டு வாங்க வேண்டும். நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.